குடிக்காதவளின் ஈரல்

"எத்தனை வருஷமா குடிக்கிற?" என்று டாக்டர் கோதண்டராமன் கேட்டபோது, தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று சொர்ணம் நினைத்தாள். சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து அவளை எல்லாரும் கேட்கிற கேள்வி அது. தாகம் எடுக்கிறதா, நாக்கு வறள்கிறதா, ராத்திரி எழுந்திருக்கிறாயா என்று.

"ரெண்டு மூணு வருசமாத்தான் சார்" என்றாள்.

"தினமுமா?"

"தினமுந்தான். குடிக்காம இருக்க முடியல. தூக்கத்துல கூட எழுந்து குடிச்சிட்டுத்தான் படுக்கறேன்."

டாக்டர் அவள் வலது விலாவுக்குக் கீழே விரல்களை இன்னும் ஆழமாக அழுத்தினார். "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாம இன்னா சார்? பாவம், அவர்தான் எழுந்து மொண்டு குடுக்கிறாரு."

டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். "இப்பிடிக் குடிச்சா ஈரல் வீங்காம என்ன பண்ணும்? கவர்மெண்ட்டே கடையை மூடி ஒரு வருஷம் ஆச்சு. எங்கேருந்துதான் கிடைக்குதோ உங்களுக்கு! சாராயத்தை விட்டாத்தான் இனிமே மருந்து."

சொர்ணம் மேஜை மேல் படுத்திருந்தவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "சாராயமா? நான் தண்ணியச் சொன்னேன் சார்!"

"எல்லாரும் அதைத் தண்ணினுதாம்மா சொல்றீங்க" என்றார் டாக்டர்.

திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் இருந்த அந்த கிளினிக்கில் டாக்டருக்கும் வெளி பெஞ்சுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி மட்டும்தான் தொங்கியது. சொர்ணம் அதை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வேறெங்கோ பார்த்தார்கள். கம்பவுண்டர் பன்னீர்செல்வம் மட்டும் அவளை நேராகப் பார்த்து, சர்க்கரை மாத்திரைப் பொட்டலத்தை நீட்டி, "வுட்டுடு சொர்ணம். பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சுக்கினு இதெல்லாம் தேவையா?" என்றான். பொட்டலத்தை அவன் கையிலேயே விட்டுவிட்டு அவள் படி இறங்கினாள்.

சொர்ணத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்குப் பக்கம் இருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். புருஷன் மாயவன் கடலுக்குப் போவான். அவன் கொண்டுவருவதையும் கரையில் ஏலத்தில் எடுப்பதையும் கூடையில் அடுக்கி, முதல் பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றத்துக்குக் கொண்டுபோய் விற்பது அவள் வேலை. முன்பெல்லாம் தெருத் தெருவாக நடந்து விற்றாள். ஒரு கெளுத்தி மீன் முள் உள்ளங்காலில் ஏறி, அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து, ஏன் ஆறவில்லை என்று பார்க்கப்போய்த்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. புண் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதை விட்டுவிட்டாள். மார்க்கெட்டில் ஒரு இடம் பிடித்துச் சாக்கு விரித்து உட்கார்ந்துகொண்டாள். டீக்கடைக்காரன் கேட்காமலே டீ கொடுத்தனுப்புவான். பசி நேரத்துக்கு ஒரு பன். வீட்டுக்குப் போய் ஒரு வட்டில் சோறு.

பார்க்க ஒல்லியான பெண்தான். கையும் காலும் குச்சி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். வயிறு மட்டும் உருண்டையாக, கட்டியாக, வேறு யாருடைய வயிற்றையோ கொண்டுவந்து ஒட்டவைத்ததுபோல் இருக்கும். நாலு பெற்ற வயிறு என்று அவளும் விட்டுவிட்டாள், மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளாக விலாவுக்குக் கீழே மந்தமாக ஒரு வலி இருந்தது. அதற்காகத்தான் டாக்டரிடம் போனாள். போகாமலே இருந்திருக்கலாம் என்று அடுத்த ஒரு வாரத்தில் ஆயிரம் தடவை நினைத்தாள்.

அவள் வந்த பஸ்ஸிலேயே சேதியும் ஏறி வந்திருந்தது. பெஞ்சில் இருந்த ஒருத்தி குப்பத்துக்குப் பெண் கொடுத்தவள். சாயங்காலத்துக்குள் 'சொர்ணம் குடிக்கிறாளாம்' என்பது 'மாயவன் ஊத்திக் குடுக்க அவ குடிக்கிறாளாம்' என்று வளர்ந்துவிட்டது. மாயவனுக்குத்தான் தாங்கவில்லை. வாலிபத்தில் அவன் குடித்தவன். அரசாங்கம் கடை திறந்தபோதும் குடித்தான். ஒருநாள் போதையில் வலையைக் கோட்டைவிட்டதில் தானாக நிறுத்தினான். நிறுத்தியவனைப் பார்த்து இப்போது ஊர் சிரித்தது.

"நான் மொண்டு குடுத்தேன்னு ஏண்டி சொன்ன?" என்றான்.

"தண்ணிதானேயா மொண்டு குடுத்த?"

"தண்ணினு சொல்றது!"

"அவரு கேக்கும்போதே இன்னாத்தன்னு சொல்லிக் கேக்கணும். வயித்த அமுக்கிக்கினே எத்தினி வருசமா குடிக்கிறன்னா, ஒரு சக்கர வியாதிக்காரி இன்னாய்யா சொல்லுவா?"

அடுத்த வீட்டு வேண்டா கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக்கொண்டு வந்தாள். "குடிச்சவங்க ஈரலுக்கு இதான் மருந்து" என்றாள். குடிக்கவில்லை என்று சொர்ணம் சொன்னாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், நீ குடி" என்றாள் வேண்டா. இன்னொருத்தி வந்து அம்மன் கோயில் திருநீறு பூசி, சத்தியம் செய்துகொடுக்கச் சொன்னாள். "நான் இன்னான்னு சத்தியம் பண்றது? குடிக்காதத வுட்டுட்டேன்னா?" என்று சொர்ணம் கத்தியதில் திருநீறு கொட்டிப்போனது. மார்க்கெட்டில் போலீஸ்காரர் ஒருவர் வஞ்சிரம் வாங்குகிற சாக்கில் குனிந்து, "எந்தச் சவுக்குத் தோப்புலம்மா காச்சுறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

இதெல்லாம் கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். வாரக் கடைசியில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஆள் வந்தது. மகள் ரத்னாவை அங்கே ஆதியம்மாளின் மகன் மூர்த்திக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். வந்த ஆள் தண்ணீர்கூடக் குடிக்காமல், "இப்போதைக்கு நிறுத்தி வெக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ரத்னா உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த பாத்திரங்கள்.

மறுநாள் சொர்ணம் கூடையை எடுக்கவில்லை. நேராகச் சதுரங்கப்பட்டினத்துக்குப் போய் ஆதியம்மாளின் வாசலில் நின்றாள்.

ஆதியம்மாள் கருவாட்டு வியாபாரம் செய்பவள். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் திரும்ப வாங்கமாட்டாள்.

"அண்ணி, நான் குடிச்சத நீ பாத்தியா?" என்றாள் சொர்ணம்.

"டாக்டரு பாத்தாரே."

"அவரு என் வயித்தப் பாத்தாரு. நான் குடிச்சதப் பாக்கல."

"ஈரல் வீங்கிக் கீதுன்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அப்பறம் இன்னா?"

சொர்ணம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "கெளம்பு. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். உன் எதிர்லயே பாக்கட்டும். நான் குடிச்சவதான்னு அங்கயும் சொன்னா, என் பொண்ணுக்கு நானே வேற எடம் பாத்துக்கறேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்."

ஆதியம்மாள் கருவாட்டுக்கு மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் நிற்க மட்டும்தான் இடம் இருந்தது. திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஜன்னலோரம் இருந்த ஒரு நல்ல பெண்மணி சொர்ணத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்தாள். "இங்க வந்து ஒக்காரும்மா. வாயும் வயிறுமா நின்னுகினு வரியே" என்றாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேரன் எடுத்தவள் என்று சொல்ல வாயெடுத்த சொர்ணம், சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஊர் தாண்டி ஆதியம்மாளுக்கும் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"ஊர்ப் பேச்சுக்கு பயந்துதான் நிறுத்தினேன்னு நெனைக்கிறியா?" என்றாள் ஆதியம்மாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"வேற இன்னாத்துக்கு?"

"என் வூட்டுக்காரருக்கு இதே மாதிரிதான். கை கால் சூம்பிப்போச்சு, வயிறு மட்டும் ஊதினு வந்துச்சு. கடசீல வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு. கொடம் மாதிரி. ஆஸ்பத்திரீல ஊசி போட்டு எடுக்க எடுக்க, அது ரொம்பிகினே இருந்துச்சு. அந்த வயிறு இன்னொரு தபா என் வூட்டுக்குள்ள வரக்கூடாது, சொர்ணம். குடிக்கிற கையி குடும்பத்துல ஒண்ணு இருந்தா அடுத்ததையும் இழுக்கும். மூர்த்தி இதுவரைக்கும் தொடல."

அவள் பொல்லாதவள் என்று நேற்றிலிருந்து திட்டிக்கொண்டிருந்த சொர்ணத்துக்குத் திட்டுவதற்கும் இப்போது வழியில்லாமல் போனது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. ரத்தத்துக்கு வெறும் வயிற்றோடு வந்திருக்க வேண்டும் என்று அங்கே போனபிறகு சொன்னார்கள். இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பி மறுநாள் பட்டினியாக முதல் பஸ் ஏறி வந்தார்கள். அன்று ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்கு மறுபடியும் வா என்றார்கள். மூன்றாவது பயணத்தில் ஆதியம்மாளே புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள். வராந்தாவில் உட்கார்ந்து பிரித்தபோது சொர்ணம் பெரிய உருண்டையாக எடுத்ததை அவள் கவனித்தாள்.

டாக்டர் மார்கரெட் நரை விழுந்த, கட்டைக்குரல் கொண்ட அம்மாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே சொர்ணம் சொல்லிவிட்டாள்: "டாக்டரம்மா, நான் ரொம்பக் குடிக்கிறேன். தண்ணி. பானத் தண்ணி. கெணத்துலேருந்து எடுக்கிற தண்ணி. வேற எதையும் பொறந்ததுலேருந்து தொட்டதில்ல."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார் டாக்டர்.

"கேப்பீங்க."

கேட்கத்தான் செய்தார். ஆனால் வேறு மாதிரி கேட்டார். காலையில் என்ன சாப்பாடு, டீ எத்தனை, சர்க்கரை எவ்வளவு, நடக்கிறாளா, எப்போது நடப்பதை நிறுத்தினாள், கண் மஞ்சளானது உண்டா. படுக்கவைத்து விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். மூச்சை இழுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்தார். பிறகு வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துக் காட்டினார்.

"பாருங்க, தோலுக்கடியில கொழுப்பே இல்ல. உங்களுக்கு அது உள்ள இருக்கு. குடலைச் சுத்தி. வெளியிலேருந்து பாத்தா ஒல்லியாத்தான் தெரிவீங்க. சர்க்கரை வியாதி இருக்கறவங்களுக்கு இப்படி உள்ள சேரறது உண்டு. அது ஈரல்லயும் போய் சேரும். ஈரல் பெருசாயிருக்கு, ஆனா வழவழன்னு, மெத்துனு இருக்கு. ரத்தத்துலயும் காமாலை இல்ல. இது கொழுப்பு சேர்ந்த ஈரல்னுதான் நான் நினைக்கறேன்."

"சொறா ஈரல் மாதிரியா?" என்றாள் சொர்ணம். "அறுத்தா எண்ணெயில மெதக்கும். காச்சினா சட்டி ரொம்பும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "சுறாவுக்கு அப்படித்தான் இருக்கணும். உங்களுக்கு இருக்கக்கூடாது."

ஆதியம்மாள் அதுவரை சுவரோரமாக நின்றிருந்தவள், முன்னால் வந்தாள். "டாக்டரம்மா, குடிக்காதவங்களுக்கு இது வருமா? மெய்யாலுமே?"

"வரும்மா. குடிக்கறவங்களுக்கும் வரும், குடிக்காதவங்களுக்கும் வரும். ஈரலைத் தொட்டுப் பாத்து இது சாராயம், இது சோறுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆளைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்."

சொர்ணம் திரும்பி ஆதியம்மாளைப் பார்த்தாள். கேட்டியா என்று அந்தப் பார்வை கேட்டது. ஆனால் ஆதியம்மாளுக்குக் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"கெட்டுப்போனா? என் வூட்டுக்காரருக்கு ஆன மாதிரி, தண்ணி கோத்துக்குமா?"

டாக்டர் டேப்பைச் சுருட்டினார். "எல்லாருக்கும் ஆகாது. சிலருக்கு, பல வருஷம் கவனிக்காம விட்டா, ஈரல் இறுகிப்போகலாம். அப்படி இறுகினா அந்தக் கஷ்டம் வரலாம். இப்ப அந்த நிலைமை இல்ல. சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, வயித்தைக் குறைச்சா, ஈரலும் சுருங்கும்."

சொர்ணத்துக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. முடியை அவிழ்த்தாள், முடிந்தாள்.

"இன்னா ஞாயம் இது? ஒரு சொட்டு தொடல நான். அவன் அவன் சந்தோசமாக் குடிச்சிட்டு ஈரல் போயி சாவறான். நான் டீயக் குடிச்சிட்டு, சோத்தத் துன்னுட்டு அதே ஈரலோட சாவணுமா? அதுக்குக் குடிச்சிருந்தாலாவது ஒரு திருப்தி இருந்திருக்கும்!"

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆதியம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சொர்ணம் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது இரண்டும் கலந்துதான் இருந்தது.

டாக்டர் சொன்னவை எல்லாம் சின்ன விஷயங்கள். மாத்திரையை விடக்கூடாது. டீயில் சர்க்கரை கூடாது, கலர் சோடாவும் பன்னும் கூடாது. சோற்றைப் பாதியாக்கி, மீனைக் குழம்பில் போட்டு, கீரையும் காயும் கூட்டிக்கொள்ள வேண்டும். நடக்க வேண்டும், ஆனால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கீழாநெல்லி குடிக்கலாமா என்று ஆதியம்மாள் கேட்டாள். அது இந்த வயிற்றைக் குறைக்கும் என்று தான் நம்பவில்லை என்றார் டாக்டர்.

கல்யாணம் ஆவணியிலேயே நடந்தது. தாலி கட்டி முடித்து எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தபோது, சொர்ணத்தின் இலையில் பாயசம் விழுந்தது. கை நீட்டுவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதை வழித்து எடுத்துக்கொண்டது.

"அண்ணி, என் பொண்ணு கல்யாணம்!"

"எனக்கும் பையன் கல்யாணந்தான். நீ சோறு துன்னு. அதுலயும் பாதிய எடுத்து வெய்யி."

சாராயக்காரி என்ற பேச்சு ஓய்ந்ததும் சொர்ணத்துக்கு வந்த அடுத்த தொல்லை சம்பந்தியம்மாள்தான். மருமகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருகிற சாக்கு தீர்ந்த பிறகும், கருவாடு கொண்டுவருகிற சாக்கில் குப்பத்துக்கு வந்து வட்டிலைப் பார்த்தாள். மார்க்கெட்டுக்குப் போய் டீக்கடைக்காரனிடம், "இந்தம்மாவுக்கு சக்கர போட்டுக் குடுத்தே, உன் கட கண்ணாடி ஒண்ணு கூட மிஞ்சாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். டயர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொண்டுவந்து போட்டாள். 'செருப்பு மாட்டிகினு மீன் விக்கிறா பாரு' என்று குப்பத்துப் பெண்கள் சிரித்தார்கள். முதல் வாரம் விரலிடுக்கு உரிந்தது. பட்டை இறுக்கம் என்று சொர்ணம் செருப்பை வீசினாள். ஆதியம்மாள் அதை எடுத்துப்போய் எண்ணெயில் ஊறவைத்து, பட்டையைத் தளர்த்திக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்க்கெட் சாக்கைச் சுருட்டிவிட்டு சொர்ணம் மறுபடியும் தெருவில் இறங்கினாள். கூடையைச் சுமந்து இரண்டு தெரு போனாலே முதலில் மூச்சு வாங்கியது. போகப் போக நாலு தெரு, அப்புறம் ஊர் முழுக்க. பழைய வாடிக்கைக்காரர்கள், "இத்தினி நாளா எங்க போன?" என்று கேட்டார்கள். பாதிச் சோற்றோடு எழுந்திருக்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு யார் மேலாவது கோபம் வந்தது. பெரும்பாலும் மாயவன் மேல். அவன் எதிரில் உட்கார்ந்து வட்டிலை வழித்துத் தின்பான். வயிறு ஒட்டித்தான் இருக்கும்.

"உனக்கு மட்டும் எங்கய்யா போவுது அவ்வளவும்?"

"கடலுக்கு" என்பான் அவன்.

தைப் பொங்கல் கழித்து அவளும் ஆதியம்மாளும் மறுபடி செங்கல்பட்டுக்குப் போனார்கள். டாக்டர் மார்கரெட் டேப்பைப் போட்டுப் பார்த்தார். தலையாட்டினார். சொர்ணத்தைப் படுக்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, விரலை விலாவுக்குக் கீழே வைத்து வெகுநேரம் காத்திருந்தார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கும்மா. சர்க்கரையும் இறங்கியிருக்கு. ஈரல் மூச்சை இழுத்தா மட்டும்தான் விரல்ல தட்டுது."

"இன்னும் தட்டுதா?" என்றாள் சொர்ணம்.

"கொஞ்சம்."

"இத்தினி மாசம் நாயா அலைஞ்சிகினு, பாதி வயிறு பட்டினி கெடந்துகினு, இன்னும் கீதா?"

"அப்படியே விடாம பண்ணுங்க. போயிடும்."

வெளியே வந்ததும் மாமல்லபுரம் பஸ் கண்ணெதிரே புறப்பட்டுப் போனது. அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. நிழலில் உட்காரலாம் என்று சொர்ணம் இடம் பார்த்தாள். ஆதியம்மாள் அதற்குள் ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் நடக்கலாம் வா. பஸ்ஸு அங்கயும் நிக்கும்."

"இன்னைக்கு ஒரு நாளாவது என்ன வுடு அண்ணி!"

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"கொறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க."

"இன்னும் கீதுன்னும் சொன்னாங்க."

சொர்ணம் அந்த இடத்திலேயே நின்று டாக்டரையும் பஸ்ஸையும் சம்பந்தியையும் தன் வயிற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆதியம்மாளைத் தாண்டி முன்னால் விடுவிடென்று நடந்தாள்.